சுடுசொல்

"அப்ப உங்க வீட்டுக்காரரைப் பாத்து, 'இன்னும் ரெண்டு சுடட்டுமா'ன்னு கேட்டது நெசந்தானுங்களா?"

"கேட்டனுங்க. தட்டுல தோசை தீந்தாக் கேக்கத்தானே வேணும்?"

துப்பாக்கிக் கடை மகுடேசன் சிரிக்கவில்லை. புதிய நடைமுறைப்படி, வாங்க வருகிறவரின் ஓராண்டு வீட்டுப் பேச்சைக் கேட்ட பிறகே மேசைமேல் இருந்த சோதனைக் கருவி அனுமதி தரும். சாமியாத்தாளுக்கு அது சிவப்பு விளக்கைக் காட்டியது. அவளுடைய மக்காச்சோளத்தில் பாதியைக் காட்டுப்பன்றிகள் தின்றுவிட்டன. மீதி கதிர் முற்றி நின்றது.

"இனிமே 'தோசை ஊத்தறேன்'னு சொல்லிப் பழகுங்கக்கா. அடுத்த வருசம் கெடைச்சுரும்."

"அதுவரைக்கும் பன்னி பட்டினி கெடக்குமாக்கும்? என்ர அடுப்புக்கிட்ட நான் பேசறதுக்கு இதுகிட்ட உத்தரவு வாங்கோணுமா? நான் சுடத்தான் சுடுவேன்."

கருவி ஒருமுறை மினுங்கியது. கடைக்காரர்களின் பேச்சையும் கேட்டுத்தான் அது உரிமத்தைப் புதுப்பிக்கும். மகுடேசன் உதட்டில் விரலை வைத்துக் காட்டினான்.

சாமியாத்தாள் நாற்காலியைக் கருவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான் சொன்னா இது நம்பாது. நீங்க சொல்லுங்க தம்பி, இதுக்குக் கேக்கற மாதிரி. காலையில உங்க வீட்டுல என்ன சுட்டாங்க?"