தட்டாத கை

மல்லாந்து கிடந்த சசிகலாவின் இடது பாதம் ஜாஸ்மினின் அக்குளில் மாட்டியிருந்தது. முட்டி உள்பக்கமாகத் திரும்பிக்கொண்டே போனது.

தண்டலத்தில் பெண்களுக்கான ஞாயிற்றுக்கிழமை ஜியு-ஜிட்சு தற்காப்புக்கலை வகுப்பு. "கால் மாட்டிக்கினா முறுக்கி இழுக்காதீங்க, முட்டி ஜவ்வு பிஞ்சிடும். தோத்துட்டேன்னு பாய்ல ரெண்டு தட்டு தட்டுங்க, எதிர்ல இருக்கறவங்க விட்டுருவாங்க" என்று மாஸ்டர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஆனால் ஜாஸ்மினிடமா தட்டுவது? ஒரகடம் கம்பெனியில் சசிகலா சூப்பர்வைசர். ஜாஸ்மின் அவள் லைனில் வேலை செய்கிறவள். நேற்று தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே லைனை நிறுத்தும் கயிற்றை இழுத்துவிட்டாள். "நல்லா ஓடுற லைன இன்னாத்துக்கு நிறுத்துன? வேலை செய்யப் புடிக்கலன்னா வூட்டுக்குப் போ" என்று சசிகலா அத்தனை பேர் முன்னால் கத்தினாள். அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு வேலைக்குத் திரும்பியவள், இன்று முட்டியைப் பிடித்திருக்கிறாள்.

இவள் சும்மா விடமாட்டாள். முட்டி போனால் எட்டு மணி நேரம் எப்படி நிற்பது? ஆனாலும் அவள் கை பாயைத் தட்டவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

பிடி சட்டென்று தளர்ந்தது.

"நான் தட்டவே இல்லியே. ஏன் விட்ட?"

ஜாஸ்மின் அவள் காலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"முட்டி நறநறன்னுச்சு மேடம். நேத்து பிரஸ்லயும் இதே சத்தம்தான் கேட்டுச்சு. அதான் கயித்த இழுத்தேன்."