கைத்தையல்

ஸ்கூல் இன்ஸ்பெக்டரம்மா அந்தச் சின்ன ரவிக்கையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"மிஷின் தையல்னா இப்படி இருக்கணும்," என்றார்.

திண்டிவனம் பள்ளிக்கூடத்தின் அந்த அறையில் எல்லோரும் தலையாட்டினார்கள். லட்சுமியம்மாள் மட்டும் ஆட்டவில்லை.

அது மிஷின் தையலாக இருக்க முடியாது. அவளுக்குத் தெரியும்.

அவள் விழுப்புரத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர். வருஷக்கணக்காக மேலிடத்துக்கு எழுதி எழுதி, கையால் சுற்றுகிற ஒரு தையல் மிஷின் வாங்கியிருந்தாள். அது வந்த கையோடு யுத்தமும் வந்தது. சீமையிலிருந்து இனி மிஷின் வராது, இருப்பதை இரண்டு ஊரும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று உத்தரவானது. ஒரு மாதம் விழுப்புரம், ஒரு மாதம் திண்டிவனம். பெட்டியில் வைத்துப் பூட்டினால் ரயிலில் போய்வரும். சாவி ஆளுக்கொன்று.

பங்கு போட்டதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள்.

மிஷின் திரும்பி வருகிற விதம்தான் பொறுக்கவில்லை. திண்டிவனத்து டீச்சர் இருதயமேரி அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, ஊசி முனை கெடாமலிருக்க அடியில் ஒரு துண்டுத் துணி வைத்து அனுப்புவாள். அவளிடம் படிக்கிற பெண்கள் தைத்துப் பழகிய துணி அது. அதில் ஓடியிருக்கும் தையல், கோடு போட்டுத் தைத்த மாதிரி இருக்கும்.

லட்சுமியம்மாளின் பெண்கள் அதை ஒருத்தி கையிலிருந்து ஒருத்தி பிடுங்கிப் பார்ப்பார்கள்.

"அந்த டீச்சர் எப்படிச் சொல்லிக் குடுப்பாங்களோ," என்றாள் ஒரு பெண்.

அன்று லட்சுமியம்மாள் அந்தத் துணியை வீட்டுக்கு எடுத்துப் போய் அடுப்பில் போட்டாள்.

இருதயமேரி சின்னப் பெண். அவள் அம்மா அனந்தபுரம் பக்கம் இன்னும் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்கக் கூலிக்குப் போகிறாள். லட்சுமியம்மாளின் வீட்டுக்கு வளவனூரில் நஞ்சை உண்டு. இதையெல்லாம் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். அந்தத் தையல் கோணலாகவில்லை.

இரண்டு பள்ளிக்கூடத்துக்கும் சேர்த்துத் திண்டிவனத்தில் கைவேலைக் கண்காட்சி என்று முடிவாயிற்று. அதற்கு முந்தின மாதம் மிஷின் திண்டிவனத்தில் இருக்க வேண்டிய முறை.

பெட்டியைப் பூட்டுவதற்கு முன் லட்சுமியம்மாள் மிஷினின் அடியில் கையை விட்டு ஷட்டிலைக் கழற்றிக்கொண்டாள். சுண்டுவிரல் நீளத்தில் படகு போல ஒரு இரும்புத் துண்டு. அடிநூலைச் சுமந்து ஓடுவது அதுதான். அது இல்லாமல் ஒரு தையல்கூட விழாது. புதிதாக வேண்டுமென்றால், யுத்தம் முடியட்டும் என்பார்கள் மதராஸ் கடையில்.

திண்டிவனத்து மேஜை காலியாக இருக்கும் என்று நினைத்துத்தான் காலை வண்டியில் வந்தாள். மேஜை கொள்ளாமல் கிடந்தது. ரவிக்கை, பாவாடை, கைக்குழந்தைச் சட்டை.

"மிஷின் தையல் இல்லீங்கம்மா," என்றாள் இருதயமேரி. "கையால தச்சது."

இன்ஸ்பெக்டரம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரவிக்கையை உள்பக்கம் திருப்பினார். தையலை நகத்தால் நெருடினார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். பிறகு மேஜையில் இருந்த எல்லாவற்றையும் புரட்டினார். பின்னால் நின்ற பெண்கள் ஊசி குத்திய விரல்களைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டார்கள்.

"மிஷின் இருக்கறப்ப எதுக்குக் கையால?"

லட்சுமியம்மாள் இருதயமேரியின் வாயையே பார்த்தாள்.

இருதயமேரி கலைந்த துணிகளை மடித்து அடுக்கினாள். "கைக்கு வந்துட்டா அப்புறம் எதுலயும் வருங்கம்மா," என்றாள்.

இன்ஸ்பெக்டரம்மா சிரித்தார். பக்கத்து மேஜைக்குப் போய் விழுப்புரத்துப் பாவாடைகளைப் பார்த்தார். மிஷினில் தைத்தவை. தையல் நெடுக துணி சுருங்கியிருந்தது.

"திண்டிவனத்துக்கு மிஷினே தேவையில்லை," என்றார். "இனிமே அது விழுப்புரத்துலயே இருக்கட்டும். இவங்களுக்குத்தான் வேணும்."

வருஷக்கணக்காகக் கேட்டது முழுசாகக் கைக்கு வந்துவிட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். லட்சுமியம்மாள் கைகூப்பினாள். காது மடல் கொதித்தது.

சாயங்காலம் பெட்டியை மாட்டுவண்டியில் ஏற்ற இருதயமேரியும் ஒரு பக்கம் பிடித்தாள். வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஸ்டேஷன் வரை கூடவே நடந்து வந்தாள். ரயில் வரும் சத்தம் கேட்டதும் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, இந்த வாட்டி ஷட்டில் இல்லாமதான் வந்துச்சு. சொன்னா உங்கள எதனா கேப்பாங்கன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. வர்ற வழியில எங்கனா விழுந்திருக்கும். மொதல்ல அதுக்கு ஏற்பாடு பண்ணுங்க, பொண்ணுங்க ஆசையா காத்துக்கினு இருக்கும்."

பூட்டிய பெட்டியிலிருந்து எதுவும் விழாது. அது இவளுக்குத் தெரியாமலா இருக்கும்?

லட்சுமியம்மாள் அந்த முகத்தைப் பார்த்தாள். கண்ணில் தேடினாள், உதட்டோரத்தில் தேடினாள். தூக்கம் கெட்ட களைப்பைத் தவிர அங்கே வேறெதுவும் இல்லை.

ஒரு துளி குத்தலாவது இருந்திருந்தால் அவள் நிம்மதியாக வண்டி ஏறியிருப்பாள்.