கண்ணாடி அண்ணனின் லாகின்

அவள் பராமரித்துவந்த ஆஸ்பத்திரி சர்வரில் எல்லாக் கட்டளைகளுக்கும் பொதுவான லைப்ரரிக் கோப்பை அவள்தான் கைதவறிக் கெடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு கட்டளையும் ஓடவில்லை.

"யாரும்மா பண்ணினது?" என்றார் மேலாளர்.

"கண்ணாடி அண்ணன் விட்டுட்டுப் போன கோளாறு சார்," என்று வாய் கூசாமல் சொன்னாள். அவளுக்கு முன் அந்த சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் இறந்து ஒரு மாதமாகியிருந்தது. அவருடைய லாகினை நீக்கியவளும் அவள்தான்.

மீட்பு டிஸ்க்கை அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே சர்வர் சரியாகிவிட்டது. திரையில் பார்த்தாள். நல்ல கோப்பைப் போட்டிருந்தது அண்ணனின் லாகின். கீழே ஒரு குறிப்பும் இருந்தது.

"தப்பு என்னோடதுதான் சார். தங்கச்சியைத் திட்டாதீங்க."

மேலாளரும் பின்னால் நின்று படித்தார்.

"நான்தான் சார் பண்ணினேன்," என்றாள் அவள், கூனிக் குறுகி.

அதன் பிறகுதான் அந்த லாகின் வெளியேறியது.