டீச்சர் தந்த தமிழ்க் கடிதம்

"இதை நீயா எழுதினே?"

சுசீலாபாய் டீச்சர் இரண்டு தாள்களை மேஜையில் போட்டார்.

நாச்சியார் தலையாட்டினாள். "நான்தான் டீச்சர் எழுதினேன்."

"கள்ளம் சொல்லாதே, கேட்டோ!" டீச்சரின் தமிழில் மலையாளம் கலந்திருந்தது.

பக்கத்து நாற்காலியின் நுனியில் அவளுடைய அப்பா பிச்சையா உட்கார்ந்திருந்தார். விழிஞ்ஞம் துறைமுகத்தில் கொத்தனார் வேலை. காலேஜிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்றதும், கட்டிக்கொண்டிருந்த சுவரைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்.

"என்ன தப்பு பண்ணினா டீச்சர்?"

"முதல் செமஸ்டர் பிள்ளைகளுக்கு கம்ப்யூட்டர் அறிமுகம்னு ஒரு பேப்பர் உண்டு. நான்தான் எடுக்கிறேன். கம்ப்யூட்டர் எப்படி ஞாபகம் வைக்குதுன்னு இங்கிலீஷ்ல ரெண்டு பக்கம் எழுதிட்டு வரச் சொன்னேன். உங்க மக ஏஐகிட்ட கொடுத்து எழுதிட்டு வந்திருக்கா."

பிச்சையா விழித்தார். "அது யாரு டீச்சர்?"

"ஆளில்லை. போன்ல உள்ள மெஷின். எதைக் கேட்டாலும் அதுவே எழுதித் தரும். கீழே இவ பேரை மட்டும் போட்டா போதும்."

"இல்லப்பா" என்றாள் நாச்சியார். "நாலு நாள் லைப்ரரியில உக்காந்து எழுதினேன். ரஃப் நோட்டு கூட இருக்கு, டீச்சர்." அவசரமாகப் பையைத் திறந்தாள்.

"வேண்டா, வேண்டா. அதுவும் அதைப் பாத்து எழுதினதாத்தான் இருக்கும். கிளாஸ்ல எழுப்பி விட்டா ரெண்டு வார்த்தை பேசத் தெரியாது. மலையாளமும் வராது, இங்கிலீஷும் வராது. இவளா இப்படி எழுதுவா? இதைக் கேளுங்க."

டீச்சர் தாளை எடுத்து நாலு வரி இங்கிலீஷில் வாசித்தார்.

'கம்ப்யூட்டரில் ராம் மெமரி என்பது கொத்தனாரின் கைக்குப் பக்கத்தில் இருக்கும் சாந்துச் சட்டி. அப்போதைக்கு வேண்டியது மட்டும்தான் அதில் இருக்கும். வேலை முடிந்ததும் கழுவிவிடுவார்கள். ஹார்ட் டிஸ்க் என்பது சிமென்ட் குடோன். நாளைக்கு வந்தாலும் சரக்கு அங்கேயே இருக்கும்.'

எல்லாம் இங்கிலீஷ் என்பதால் பிச்சையாவுக்கு அதில் ஒன்றும் விளங்கவில்லை.

"இப்படி ஒரு உதாரணம் பதினெட்டு வயசுப் பெண்ணுக்குத் தோணுமா? நீங்களே சொல்லுங்க."

பிச்சையா எழுந்து கைகூப்பினார். "சின்னப் பிள்ள டீச்சர். இந்த ஒரு தடவ மன்னிச்சிருங்க."

"அப்பா, நான் பண்ணலப்பா!"

"வாய மூடுட்டி. டீச்சர் பொய் சொல்லுவாங்களா?"

நாச்சியார் திறந்த பையை மெல்ல மூடினாள்.

"இன்டர்னல் மார்க் பூஜ்யம்தான். அதில மாற்றமில்லை" என்றார் டீச்சர். "ஒரு லெட்டர் தாறேன். கையெழுத்துப் போடுங்க, ஃபைல்ல வைக்கணும். ஒரு காப்பி உங்களுக்கு. மலையாளம் வாசிப்பீங்களா?"

"தமிழ்தான் டீச்சர். எட்டு வரைக்கும் படிச்சேன்."

"சரி, தமிழ்லயே தாறேன். கொஞ்ச நேரம் வெளியே இருங்க."

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டீச்சர் பிரின்டரிலிருந்து எடுத்த சூட்டோடு இரண்டு தாள்களை நீட்டினார். காட்டிய இடத்தில் பிச்சையா கையெழுத்துப் போட்டார்.

கிழக்கே கோட்டை பஸ் ஸ்டாண்டில் விழிஞ்ஞம் பஸ் கிடைத்தது. மழை பிடித்துக்கொண்டதால் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். பகலிலேயே உள்ளே இருட்டு.

பஸ் திருவல்லம் தாண்டியது. பிச்சையா கோபமே இல்லாமல் சொன்னார்.

"கள்ளத்தனம் பண்ணி ஒரு படிப்பு நமக்கு வேண்டாம் தாயி. தம்பானூர்ல ஒரு துணிக்கடையில ஆளு கேட்டாங்க. திங்கக்கிழமை போய்ப் பாத்துட்டு வருவோம்."

நாச்சியாரின் கண்ணீர் மடியிலிருந்த பையின் மேல் சொட்டியது.

அவர் கடிதத்தைப் பிரித்தார். பஸ் குலுங்கக் குலுங்க, விரலை வைத்து நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"'அன்பார்ந்த பெற்றோருக்கு... தங்கள் மகள் சுயமாகச் சிந்திக்காமல், இயந்திரம் எழுதித் தந்ததைத் தன்னுடைய உழைப்பாகக் காட்டியுள்ளார். இது ஆசிரியருக்கு மட்டுமல்ல, தனக்கே அவர் செய்துகொண்ட துரோகம்...'"

அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"டீச்சர் பள்ளிக்கூடத்துல மலையாளந்தான் படிச்சவங்கன்னு சொன்னியேட்டி? தமிழ் பேசத்தான் தெரியும்னு சொன்னியே? எப்படி எழுதியிருக்காங்க பாத்தியா. ஒவ்வொரு வார்த்தையும் நெஞ்சுல குத்துது."

நாச்சியார் ஷட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் பெயருக்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. பிச்சையா அதையும் விடாமல் படித்தார்.

"'இந்தக் கடிதத்தை இன்னும் சற்றுக் கடுமையான தொனியில் மாற்றித் தரட்டுமா?'"

நாச்சியார் சட்டென்று திரும்பித் தாளைப் பார்த்தாள். வகுப்பில் மற்ற பிள்ளைகள் ஏஐயிடம் எழுதி வாங்குவதை அவள் பார்த்திருக்கிறாள். கேட்டதை எழுதி முடித்ததும், அது கடைசியில் இப்படித்தான் கேட்கும்.

"அப்பா..." என்று ஆரம்பித்தாள்.

பிச்சையா அதற்குள் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டார்.

"வேண்டாம்னு சொல்லிரு தாயி. இதுவே போதும்னு டீச்சர்கிட்ட சொல்லிரு."