நகம் பார்த்த ஆழம்

இன்னும் ஆறு சுற்று பாக்கி இருக்கும்போதே மகளின் கால் தரையில் விழும் சத்தம் மாறிவிட்டது.

கம்பி வேலிக்கு வெளியே நின்ற டயர்க்காரருக்கு அது காதிலேயே தெரிந்தது. முப்பது வருடமாகப் பழைய லாரி டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டுகிறவர். காற்று இறங்கிய டயர் ஓடுகிற சத்தம் அவருக்குத் தெரியாதா?

மொத்தம் இருபத்தைந்து சுற்று. முதலில் வரும் மூன்று பேருக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தர வேலை. அடுத்த மாதம் மகளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் இன்னொரு ஓட்டம் கிடையாது.

இத்தனை நேரம் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தவள் இப்போது நான்காவதாக வந்தாள்.

காலையில் பயிற்சியாளர் அவள் ஷூவை வாங்கிக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். இதற்கு முந்நூறு, நானூறு கிலோமீட்டர்தான் ஆயுள், இது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது என்றார். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே இருக்கிற மெத்தை செத்துப்போயிருக்கும் என்றார்.

டயர்க்காரருக்குச் சிரிப்பு வந்தது. ஷூ விற்ற கடைக்காரனும் இதே பாட்டைத்தான் பாடினான். கூட்டுக் களவாணிகள்.

பயிற்சியாளர் அந்தப் பக்கம் போனதும் டயர்க்காரர் ஷூவைத் திருப்பினார். அடியில் புடைத்திருந்த ரப்பர் பட்டன்களுக்கு நடுவே நகத்தை விட்டு ஆழம் பார்த்தார். பட்டறையில் எந்த டயரையும் அப்படித்தான் பார்ப்பார். அவர் சரி என்று சொல்லிவிட்டால் முதலாளிகூட மறுபேச்சுப் பேசமாட்டார்.

“பத்து டன் ஏத்துற டயரே லட்சம் கிலோமீட்டர் ஓடுது. ஒடக்கான் மாதிரி ஒல்லியா இருக்குற உனக்கு முந்நூறுதானாம். பட்டன் அப்படியே இருக்கு. போட்டுக்க, எவன் பேச்சையும் கேக்காத.”

மகள் அவர் முகத்தையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு குனிந்து கயிற்றைக் கட்டினாள்.

மைதானத்தில் கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. ஆறாவதாகப் போனாள். காலில் செங்கல்லைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவள் போல, தட், தட் என்று.

அதற்குமேல் அவர் பார்க்கவில்லை. வந்ததும் தண்ணீர் கேட்பாள் என்று அவள் பையைத் திறந்தார்.

துண்டுக்கு அடியில் ஒரு ஜோடி புது ஷூ இருந்தது. அவள் அளவுதான். கயிறுகூடக் கோத்திருந்தது. உள்பக்கம் அவளுடைய இன்றைய ஓட்ட எண்ணைப் பயிற்சியாளர் தன் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்.

டயர்க்காரர் அதன் அடியைக் கட்டைவிரலால் அமுக்கினார். விரல் உள்ளே புதைந்தது. எடுத்ததும் மெத்தை மெல்ல எழும்பி வந்தது.

முன்பு இருந்தபடியே துண்டைப் போட்டு மூடினார். ஜிப்பை இழுத்துவிட்டார்.

மகள் நொண்டிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பையை அவள் தொடவில்லை. ஷூவைக் கழற்றி, அடியைத் திருப்பி அவரிடம் நீட்டினாள்.

“நீங்க சொன்னது சரிதாம்ப்பா. பட்டன் தேயவே இல்ல, பாருங்க. நான்தான் கடைசில விட்டுட்டேன்.”

அவர் நகம் தானாகவே பட்டன்களுக்கு நடுவே போனது.

ஆழம் சரியாகத்தான் இருந்தது.