மூன்று பலகை

"எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்றீங்க. அப்ப இது என்ன?"

மருமகள் அந்த மூன்று பலகைகளின் மேல் ஏறி நின்று காட்டினாள். கிறீச் என்றது. காலை மாற்றி வைத்தாள். மறுபடியும் கிறீச்.

கான்ட்ராக்டர் தலையைச் சொறிந்தார். "புது மரம்ங்க. ஈரக்காத்துல அப்படித்தான் இருக்கும்."

"மத்ததும் அதே மரம்தானே? அதெல்லாம் வாயைத் திறக்கலையே?"



வீட்டுக்குப் பின்னால், ஏரியைப் பார்த்து நீண்டிருந்தது அந்த மரத்தளம். வெயிலும் மழையும் தின்று உளுத்துப்போயிருந்த ஒரு பலகைக்குள் போன மாதம் மாமனாரின் கால் இறங்கிவிட்டது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று.

கணவனுக்கு வெளியூர் வேலை. அவளே இரண்டு மூன்று பேரைக் கூப்பிட்டுப் பேசி, பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறாரே என்று இவரைப் பிடித்தாள். குறை சொல்ல முடியாது. உளுத்ததை எல்லாம் பெயர்த்து, புதுசு போட்டு, இழைத்து, எண்ணெய் பூசியிருந்தார். தண்ணீரில் இறங்கும் படிக்கு முன்னால் இருந்த இந்த மூன்று பலகை மட்டும்தான் தகராறு.

மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரை விட்டு எழுந்திருக்க மனசில்லாமல் பனி படுத்துக் கிடந்தது. எங்கே ஏரி முடிகிறது, எங்கே வானம் ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை.

"படகு வந்துடுச்சாம்மா?"

"இன்னும் இல்லை மாமா."

"வந்தா சொல்லு. உங்க அத்தைக்குத் தனியா இறங்கப் பயம்."

அத்தை போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆயிற்று. அந்தக் கரைக்குப் படகு வந்ததே கிடையாது.

சில நாள் தெளிவாக இருப்பார். பேப்பர் படிப்பார். போனில் மகனைக் கிண்டல் அடிப்பார். சில நாள் இப்படித்தான். விடியப்போகிற நேரத்தில் எழுந்து, யாரோ கைப்பிடித்து அழைத்துப் போகிற மாதிரி மெல்லப் படியை நோக்கி நடப்பார். அதனால் பின்கதவை ஒட்டி ஒரு நாற்காலி போட்டு, அதிலேயே கோழித்தூக்கம் தூங்கப் பழகியிருந்தாள் அவள்.

கான்ட்ராக்டர் இரண்டு தரம் வந்தார். குனிந்து தட்டினார், முடுக்கினார், போனார். சத்தம் மட்டும் போகவில்லை. கேட்கும்போதெல்லாம் அவளுக்கு ஒரே பயம். மறுபடியும் பலகை ஆடுகிறதோ, மறுபடியும் அவர் கால் உள்ளே போகுமோ?

"ஒரு குறையை விட்டு வெச்சாதான் திரும்பக் கூப்பிடுவாங்கன்னு ஒரு கணக்கா?" என்று கடைசியில் கேட்டே விட்டாள்.

அவர் முகம் சுண்டிப்போயிற்று. நாற்காலியில் இருந்த பெரியவரை ஒரு தரம் பார்த்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: "வேலை அரைகுறை. கேட்டால் சரியான பதில் இல்லை. இவரைக் கூப்பிடுமுன் யோசிக்கவும்."

"நல்லவேளை சொன்னீங்க. எங்க வீட்டுப் படிக்கட்டை அவர்கிட்டதான் விட இருந்தோம்" என்றாள் எதிர்வீட்டுக்காரி. அவளைப் பின்பற்றி இன்னும் சிலர்.

அந்தக் குழுவில் கான்ட்ராக்டரும் இருந்தார். ஒரே ஒரு வார்த்தை போட்டார். "சரிங்க."

அடுத்த வாரம் வேறொரு கான்ட்ராக்டர் அம்மாள் வந்தாள். மண்டியிட்டு, தரையோடு காதை வைத்துக் கேட்டாள். ஸ்க்ரூவைக் கழற்றி ஒரு பலகையைத் தூக்கியவள், அடியில் கைவிட்டுத் தடவிப் பார்த்தாள்.

"பலகை ஆடவே இல்லைங்க. யானை நின்னாலும் தாங்கும்."

"அப்புறம் ஏன் கத்துது?"

"கத்தணும்னே பண்ணியிருக்கார். அடியில ஒரு சின்னக் கட்டையைக் கொடுத்து, மிதிச்சா உரசற மாதிரி. மூணு பலகைக்கும் இதே மாதிரி இருக்கும். எனக்கு ஒண்ணும் புரியலை. எடுத்துடவா?"

"இருங்க" என்றாள் மருமகள்.

மாமனார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். ஏரியில் காற்றே இல்லை. அவள் படியருகே வந்து நின்று பழைய கான்ட்ராக்டருக்குப் போன் போட்டாள்.

"பலகையைத் தூக்கிப் பார்த்தாச்சு. உங்களைத் திட்டறதுக்குக் கூப்பிடலை. ஏன் அப்படிப் பண்ணினீங்க?"



"சொல்லக்கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டாருங்க."

"யாரு?"

"ஐயாதான். ஒருநாள் நல்லாத் தெளிவா இருந்தார். நீங்க கடைக்குப் போயிருந்தீங்க. என் கையைப் பிடிச்சுக்கிட்டார்."

"என்ன சொன்னார்?"

"'நான் எங்கே போறேன்னு எனக்கே தெரியாத நேரத்துல இந்தப் பலகை கத்தணும்ப்பா. அவ ரூம் வரைக்கும் கேக்கணும். என் மருமக கட்டில்ல படுத்துத் தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?'ன்னார்."