தின்னாமல் மிஞ்சிய கவசம்

ஆட்டு மந்தையில் இருமல் நோய் பரவிய காலம். முகக்கவசம் இல்லாத ஆடு புல்வெளிக்குள் நுழையலாகாது என்று வாயிலில் நாய் உறுமிக்கொண்டிருந்தது. பூவரச இலையில் தைத்த தன் கவசத்தைச் செவலை என்னும் வெள்ளாடு வழியிலேயே தின்றுவிட்டது. பசியோ இன்னும் வயிற்றைக் கிள்ளியது.

முன்னால் இருமியபடி நின்ற கிடாவிடம், "அண்ணே, உள்ளே போனதும் உங்கள் கவசத்தை வேலிக்கு மேலே வீசுங்களேன்!" என்று கெஞ்சியது.

"மந்தையில் மிஞ்சியதே இது ஒன்றுதான், தம்பி. எனக்கு முன்னால் எட்டுப் பேர் இதில்தான் போனார்கள்!" என்று கிடா சிரித்தது.

வேலி தாண்டி வந்த கவசத்தை மாட்டிக்கொண்டு செவலை கம்பீரமாக உள்ளே நடந்தது.

மூன்றாம் நாள் மந்தையே படுத்துவிட்டது.

"கவசம் போட்டும் நோய் வந்துவிட்டதே, அண்ணே!" என்று இருமலுக்கிடையே செவலை நொந்துகொண்டது. "இதற்கு, அதையும் தின்றிருக்கலாம்."